ஊரப்பாக்கத்திலிருந்து பாரிமுனைக்கு: ஓராண்டு காரில், அதன்பின் மின்சார ரயிலில்

சென்னை கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டுக்குச் செல்லும் மின்சார ரயில் சேவையைப் பற்றிய மதிப்பீடு இது. ஆனால் ரயிலை மட்டும் தனியே எடுத்துவைத்து நல்லது கெட்டது சொல்வதில் பயனில்லை. புறநகரில் வீடும் நகருக்குள் வேலையும் உள்ளவருக்கு, வாசலில் ஒரு கார் நிற்கும்போது, தினமும் காலையில் அந்தக் காரை எடுப்பதா விடுவதா என்பதுதான் கேள்வி. என் வீடு தாம்பரத்துக்கு அப்பால் ஊரப்பாக்கத்தில் இருக்கிறது; அலுவலகம் கடற்கரை நிலையத்துக்கு அருகே பாரிமுனையில், ராஜாஜி சாலையை ஒட்டிய ஒரு தெருவில். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். முதல் ஓராண்டு காரில் சென்றேன். அதன்பின் ஒன்றரை ஆண்டுகளாக ரயிலில் சென்றுவருகிறேன். இரண்டு காலங்களிலும் புறப்பட்ட நேரத்தையும் சேர்ந்த நேரத்தையும் ஒரு சிறு நோட்டில் குறித்துவைத்திருந்தேன். கணக்குப் பிரிவில் வேலை செய்பவனுக்கு இந்த வழக்கம் விட்டுப்போவதில்லை.

காரில் தொடங்கியதற்குப் பெரிய காரணம் ஏதுமில்லை. கடன் தவணை கட்டும் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு போவானேன் என்ற எண்ணம்தான். வீட்டில் எல்லாரும் அதையே சொன்னார்கள். முதல் வாரம் சுகமாகவே இருந்தது. ஏழு மணிக்குப் புறப்பட்டால் எட்டரைக்கு அலுவலகத்தில் இருப்பேன். ஆனால் ஒருநாள் குழந்தையைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டு ஏழரைக்குப் புறப்பட்டபோது, சேர்ந்தது ஒன்பதரைக்கு. அரைமணி நேரம் தாமதித்ததற்கு ஒரு மணி நேரம் அபராதம். சென்னையிலிருந்து தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையின் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் அந்தச் சாலையில் அன்றாடம் கார் ஓட்ட முடியாது. இரும்புலியூர் அருகே ஒரு தேக்கம், குரோம்பேட்டையில் ஒரு தேக்கம், பல்லாவரத்தில் இன்னொன்று, கத்திப்பாரா மேம்பாலத்தை நெருங்கும்போது பெரியதொன்று. கிண்டியைத் தாண்டி அண்ணா சாலைக்குள் நுழைந்தால், சைதாப்பேட்டைக்கும் தேனாம்பேட்டைக்கும் இடையே உயர்மட்டச் சாலைப் பணி தொடங்கிய பிறகு அங்கே கடக்கும் நேரத்தை முன்கூட்டிச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

இந்தத் தடத்தைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லாரும் ஒரு காட்சியை அறிவார்கள். செங்கல்பட்டிலிருந்து கிண்டிவரை ஜி.எஸ்.டி. சாலையும் ரயில் பாதையும் பெரும்பாலும் பக்கம் பக்கமாகவே ஓடுகின்றன. திரிசூலம் நிலையத்தில் நின்றால் சாலைக்கு அப்பால் விமான நிலையம் தெரியும். நான் காரில் இருந்த நாட்களில், பல்லாவரத்தில் முன்னால் நிற்கும் லாரியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்திலேயே மின்சார ரயில் கடந்துபோகும். படியில் நிற்பவர்கள் எங்களைப் பார்ப்பார்கள். நாங்கள் அவர்களைப் பார்ப்போம். அவர்களைப் பார்த்து நானும், என்னைப் பார்த்து அவர்களும் பரிதாபப்பட்டிருப்போம் என்று இப்போது தோன்றுகிறது. அடுத்த ரயிலும் என்னைக் கடந்துபோன ஒரு நாளில்தான் நோட்டைப் புரட்டிக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன்.

முதலில் பணம். நகர நெரிசலில் என் கார் லிட்டருக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் தருகிறது. போகவர எண்பது கிலோமீட்டருக்கு ஆறு லிட்டருக்கு மேல் ஆகிறது. சென்னையில் பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியிருந்த கணக்கில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 620 ரூபாய். இருபத்திரண்டு வேலைநாட்களுக்கு 13,600 ரூபாய்க்கு மேல். அலுவலகத்துக்கு அருகே வண்டி நிறுத்த மாதம் 3,000 ரூபாய் கொடுத்தேன். டயர் தேய்மானம், கிளட்ச் தேய்மானம், பின்பம்பரில் ஆட்டோ ஒன்று வைத்த முத்திரை ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. மறுபக்கத்தில், தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் சாதாரண ரயிலில் ஒருவழிக் கட்டணம் 10 ரூபாய். குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். நான் எடுக்கும் மாத சீசன் டிக்கெட், மூன்று லிட்டர் பெட்ரோலின் விலைக்குள் அடங்கிவிடுகிறது. இதை ஒப்பீடு என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

ஆயினும் பணத்தை வைத்து மட்டும் நான் மாறியிருக்கமாட்டேன். வசதிக்குப் பணம் கொடுப்பதில் தவறில்லை என்று நினைக்கிறவன் நான். கொடுத்த பணத்துக்கு வசதி கிடைத்ததா என்பதே கேள்வி. பாரிமுனையைச் சுற்றியுள்ள தெருக்கள் காருக்காக வகுக்கப்பட்டவை அல்ல. தம்புச் செட்டித் தெருவிலோ லிங்கிச் செட்டித் தெருவிலோ காலை பத்து மணிக்கு மேல் ஒரு காரைத் திருப்ப முயன்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் வண்டி விட்ட தனியார் இடத்தில் சாவியை வாங்கிவைத்துக்கொள்வார்கள். ஒன்றன்பின் ஒன்றாக அடைத்து நிறுத்துவார்கள். மாலையில் என் வண்டியை வெளியே எடுக்க மற்ற மூன்று வண்டிகளை நகர்த்த வேண்டும். ஒருமுறை நகர்த்துகிறவரே சாப்பிடப் போய்விட்டார். நாற்பது நிமிடம் நின்றேன். மாதப் பணம் முன்கூட்டியே கொடுத்திருந்ததால் என் குரலுக்கு அங்கே மதிப்பில்லை.

இனி ரயில். நேரத்தைப் பற்றி முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும்: நல்ல நாளில் கார்தான் வேகமானது. ஊரப்பாக்கத்திலிருந்து கடற்கரைவரை ரயிலில் மட்டும் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். கடற்கரையிலிருந்து தாம்பரம்வரை இரு முனைகளையும் சேர்த்துப் பதினெட்டு நிலையங்கள். அதற்கப்பால் பெருங்களத்தூர், வண்டலூர், பிறகுதான் ஊரப்பாக்கம். எல்லாவற்றிலும் நின்றுதான் வரும். வீட்டு வாசலிலிருந்து அலுவலக நாற்காலிவரை கணக்கிட்டால் ஒன்றே முக்கால் மணி நேரம். காரிலோ ஒன்றரை மணி நேரத்தில் சேர்ந்த நாட்களும் உண்டு. ஆனால் என் நோட்டில் ரயிலின் நல்ல நாளுக்கும் கெட்ட நாளுக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரும்பாலும் பத்து நிமிடம். காரின் நல்ல நாளுக்கும் கெட்ட நாளுக்கும் இடையே ஐம்பது நிமிடம். ஒன்பதரைக்குள் வருகைப் பதிவில் விரல் வைக்க வேண்டியவனுக்கு, சராசரியைவிட இந்த வேறுபாடுதான் முக்கியம். காரில் செல்லும்போது, வராத நெரிசலுக்காகவும் நாள்தோறும் நாற்பது நிமிடம் முன்னதாகப் புறப்பட வேண்டியிருந்தது. அந்த நாற்பது நிமிடத்தை இப்போது வீட்டில் உட்கார்ந்து காபி குடிப்பதற்குச் செலவிடுகிறேன்.

ரயிலில் உட்கார இடம் கிடைக்குமா என்பதே புதிதாக மாற நினைப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி. செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டி, காலை ஏழரைக்கு ஊரப்பாக்கத்தில் நிற்கும்போது உட்கார இடமிருக்காது. மறைமலை நகர், பொத்தேரி, கூடுவாஞ்சேரி ஆகிய நிலையங்கள் அதை ஏற்கெனவே நிரப்பியிருக்கும். முதல் இரண்டு வாரம் கடற்கரைவரை நின்றுகொண்டே சென்றேன். எதிரே உட்கார்ந்திருந்த வயதானவர் ஒருவர், என் கால் மாற்றி நிற்கும் பாட்டைச் சில நாள் பார்த்திருப்பார் போலும், ஒருநாள் கேட்டார்: “சார், நீங்க பீச்சுக்கா? அப்ப எதுக்கு இதுலயே நிக்கிறீங்க? தாம்பரத்துல எறங்கிடுங்க. அங்கேருந்து கெளம்புற வண்டி காலியா நிக்கும்.” நான் அதுவரை அறியாத இந்த வித்தை, அந்தத் தடத்தில் வழக்கமாகப் போகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்ததாம். தாம்பரத்திலிருந்தே புறப்படும் வண்டிகள் நிறைய உண்டு. ஊரப்பாக்கத்தில் ஏறிப் பத்துப் பதினைந்து நிமிடம் நின்று, தாம்பரத்தில் இறங்கி, தேவைப்பட்டால் மேம்பாலம் ஏறி நடைமேடை மாறி, காலியாக நிற்கும் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்துவிடலாம். பத்து நிமிடம் கூடுதலாகும். ஆனால் மீதி ஒரு மணி நேரம் உங்களுடையது. நான் அதில் செய்தித்தாள் படிக்கிறேன், சில நாள் தூங்குகிறேன், மாதக் கடைசியில் கணக்கும் பார்க்கிறேன். காரில் இருந்த காலத்தில் இந்த மூன்றில் எதையும் செய்திருக்க முடியாது. இரண்டாவதைச் செய்யவே கூடாது.

மாலையில் பாரிமுனைக்காரர்களுக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. வண்டி கடற்கரையிலேயே புறப்படுவதால் இடம் தேட வேண்டியதில்லை. பர்மா பஜாரைக் கடந்து நிலையத்துக்குள் நுழைந்து, செங்கல்பட்டு வண்டியில் வேண்டிய பக்கம் பார்த்து உட்காரலாம். எழும்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் கூட்டம் சேரும். மாம்பலத்தில், நிலையத்தை ஒட்டிய கடைத்தெருவான ரங்கநாதன் தெருவே எழுந்து வந்து ஏறுவதுபோல் இருக்கும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்களிலும், ஆடித் தள்ளுபடிக் காலத்திலும், மாம்பலத்தில் ஏறும் பைகளின் எண்ணிக்கை ஏறும் ஆட்களைவிடக் கூடுதலாக இருக்கும். உங்கள் அலுவலகம் கோடம்பாக்கத்திலோ கிண்டியிலோ இருந்தால், என் மாலைப் பயணத்தைப் பற்றி நான் சொன்னவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே ஏறுகிறவர்கள் நின்றுகொண்டுதான் வருகிறார்கள். சில நாள் இரண்டு வண்டிகளை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறுகிறார்கள்.

இந்தத் தடம் நெரிசலோடு வளர்ந்தது. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது அது மீட்டர் கேஜ் பாதை, அதாவது தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலமே உள்ள பாதை. 2004 வரை மீட்டர் கேஜ் மின்சார வண்டிகள் இதில் ஓடின. பள்ளிப் பருவத்தில் அந்தக் குறுகலான பெட்டிகளில் அப்பாவோடு எழும்பூருக்குச் சென்ற நினைவு எனக்கு இருக்கிறது. பழவந்தாங்கல், குரோம்பேட்டை, தாம்பரம் எல்லாம் இன்றைய உருவத்தை அடைந்ததில் இந்த ரயிலுக்கு உள்ள பங்கு, சாலைக்கு உள்ள பங்கைவிடப் பெரியது என்றே நினைக்கிறேன். ஆகவே நிலையத்தைச் சுற்றித்தான் கடைத்தெரு இருக்கும். ரயிலில் போகிறவர் வீடு திரும்பும் வழியிலேயே காய்கறி வாங்கிவிடலாம். காரில் வந்த நாட்களில் அதற்கும் ஓர் இடம் பார்த்து வண்டியை நிறுத்த வேண்டும்.

நெரிசலின் ஆபத்தை லேசாகச் சொல்லிக் கடக்கக் கூடாது. 2018 ஜூலையில் பரங்கிமலை நிலையத்தில், படியில் தொங்கிச் சென்றவர்கள் பக்கச் சுவரில் மோதி உயிரிழந்தார்கள். சாதாரண மின்சார வண்டிகளின் கதவுகள் திறந்தே இருக்கின்றன. காலை வேளையில் படியில் நிற்பவர்களைக் காணாத நாளில்லை. அடுத்த வண்டி வரப் பத்து நிமிடம் ஆகுமென்றாலும் காத்திருப்பது என்று முடிவெடுத்துக்கொண்டவர்களுக்கே இந்தச் சேவையைப் பரிந்துரைப்பேன். அந்தப் பத்து நிமிடத்தையும் சேர்த்துத்தான் வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தை வகுக்க வேண்டும்.

கதவு மூடிக்கொள்ளும் வண்டியும் இப்போது உண்டு. 2025 ஏப்ரல் 19 அன்று இந்தத் தடத்தில் குளிர்சாதன மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பெரம்பூரிலுள்ள ஐ.சி.எஃப். என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலையில் செய்த பன்னிரண்டு பெட்டிகள். தானாக மூடும் கதவுகள். கட்டணம் குறைந்தபட்சம் 35 ரூபாய், கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்கு 105 ரூபாய் என்று அறிவித்தார்கள். மே மாத வெயிலில் அதில் சென்றபோது, காரை விட்டு வந்தவனுக்கு இதுவே சரியான மாற்று என்று பட்டது. முழுத் தூரக் கட்டணத்தை இருவேளையும் கொடுத்தாலும் நாளொன்றுக்கு 210 ரூபாய்தான். என் பெட்ரோல் செலவில் மூன்றில் ஒரு பங்கு. எரிச்சல் என்னவென்றால், சாதாரண வண்டிகளோடு ஒப்பிட்டால் இதன் சேவைகள் மிகவும் குறைவு. நம் அலுவலக நேரமும் அதன் நேரமும் பொருந்தினால் பாக்கியம். பொருந்தாவிட்டால், அடுத்த குளிர்சாதன வண்டிக்காகக் காத்திருப்பதைவிடச் சாதாரண வண்டியில் வியர்த்துக்கொண்டே வீடு சேர்ந்துவிடலாம். அதிலேறப் புறப்படுகிறவர்கள் முதலில் நேர அட்டவணையைப் பாருங்கள். கட்டணத்தைப் பிறகு பார்க்கலாம்.

நடு வழியில் நடப்பதைவிட, ரயில் பயணத்தைத் தீர்மானிப்பவை இரு முனைகளும்தான். கடற்கரை நிலையத்திலிருந்து என் அலுவலகம் எட்டு நிமிட நடை. இந்த எட்டு நிமிடம்தான் என் முடிவுக்கு அடித்தளம். அலுவலகம் அண்ணா சாலையில் இருந்தால் கிண்டியில் இறங்கி மெட்ரோவுக்கு மாறலாம். தேனாம்பேட்டை, ஆயிரம் விளக்கு, எல்.ஐ.சி. எல்லாம் அந்தத் தடத்திலேயே வந்துவிடுகின்றன. சைதாப்பேட்டையில் மாறலாம் என்று வரைபடத்தில் பெயரைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அங்கே ரயில் நிலையமும் மெட்ரோ நிலையமும் ஒன்றையொன்று ஒட்டியவை அல்ல. எழும்பூரிலும் பூங்கா நிலையத்திலும் மாறுவது எளிது. நுங்கம்பாக்கம் பெயரை நம்பி இறங்குகிறவர்கள், நிலையத்திலிருந்து ஹாடோஸ் சாலைக்கு நடப்பதற்கு ஆட்டோ ஏறிவிடலாம் என்று ஒரே வாரத்தில் முடிவுசெய்துவிடுவார்கள். அந்த ஆட்டோ செலவை மாதக் கணக்கில் சேர்த்தால், சீசன் டிக்கெட்டின் மலிவு காணாமல்போகும்.

வீட்டுப் பக்க முனை எனக்கு இன்னும் சரியாக அமையவில்லை. வீட்டிலிருந்து நிலையத்துக்கு இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. காலையில் நடந்தால் சட்டை நனைந்துவிடும். ஷேர் ஆட்டோ ஆள் நிரம்பாமல் நகராது. எனவே ஸ்கூட்டரில் சென்று, நிலையத்துக்கு அருகே வண்டிகளை விட்டுவைக்க இடம் கொடுக்கும் ஒரு வீட்டு முற்றத்தில் நிறுத்துகிறேன். நாள் வாடகை பெரிதில்லை. ஆனால் தலைக்கவசத்துக்கு அங்கே யாரும் பொறுப்பில்லை; இதுவரை ஒன்று போயிருக்கிறது. இப்போது கவசத்தையும் பையில் போட்டுக்கொண்டு பாரிமுனைவரை சுமக்கிறேன். ரயிலில் ஒன்றரை ஆண்டாக என் மடியில் உட்கார்ந்து வரும் சக பயணி அதுதான்.

வேறு குறைகளும் உள்ளன. ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகள் குறைவு. பராமரிப்புப் பணிக்காக அவ்வப்போது பல மணி நேரம் சேவை நிறுத்தப்படும். அறிவிப்பு முன்னதாகவே வரும் என்பதால், சனிக்கிழமை இரவே பார்த்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. சர்க்கரை நோயாளிகளும் முதியவர்களும் ஒன்றேகால் மணி நேரப் பயணத்தில் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். பெருமழையில் ரயிலும் நிற்கும். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலின்போது புறநகர் ரயில்கள் ஓடவில்லை; அன்று சாலையும் ஓடவில்லை என்பது வேறு கதை. டிக்கெட் வாங்குவது மட்டும் இப்போது தொல்லையாக இல்லை. கைப்பேசிச் செயலியில் வாங்கலாம். சீசனையும் அதிலேயே புதுப்பிக்கலாம். வரிசையில் நின்று சில்லறை தேடிய காலம் போய்விட்டது.

கார் தேவைப்படும் நாட்கள் இல்லாமல் இல்லை. தணிக்கை முடிந்து இரவு பத்தரைக்கு மேல் வெளியே வரும் நாட்களில் காரைத்தான் எடுக்கிறேன். அந்நேரம் அண்ணா சாலை முழுக்க நமக்குத்தான், ஒரு மணி நேரத்தில் வீடு. அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் நாளிலும், இரண்டு இடங்களுக்கு அடுத்தடுத்துப் போக வேண்டிய நாளிலும் ரயிலைப் பற்றிப் பேசுவது வீண். மாதத்தில் இப்படி நான்கு நாள் வரும். அந்த நாட்களுக்கு மாதம் முழுவதற்குமான நிறுத்துமிட வாடகை தேவையில்லை; மணிக்கணக்கில் கொடுத்தால் போதும். பழைய மகாபலிபுரம் சாலை (ராஜீவ் காந்தி சாலை) அலுவலகங்களுக்கு, அதாவது சிறுசேரிக்கோ சோழிங்கநல்லூருக்கோ, செல்கிறவர்களுக்கு இந்த ரயில் தடம் உதவாது. ஊரப்பாக்கத்திலிருந்து அங்கே போக அவர்கள் கேளம்பாக்கம் சாலையைத்தான் நம்ப வேண்டும்.

மாற நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் சீசன் வாங்க வேண்டாம். இரண்டு வாரம் தினசரி டிக்கெட்டில் சென்று, எந்த வண்டியில் எங்கே இடம் கிடைக்கிறது, எந்தப் பெட்டி நம் நிலையத்தில் மேம்பாலத்துக்கு நேராக நிற்கிறது என்று பாருங்கள். எனக்கு அது பின்னாலிருந்து மூன்றாவது பெட்டி. மற்றவர்களுக்கு முன்பாகப் படியேறி வெளியே வந்து, ஸ்கூட்டரை எடுத்துவிடலாம். அந்த நான்கு நாட்கள் போக, கார் இப்போது வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு காலை, பேட்டரி இறங்கிவிடாமல் இருப்பதற்காக வண்டலூர்வரை சென்று திரும்புகிறது.